மேலே போகப் போக யார் சொல்வார்கள்?

ஒரு மேலாளருக்கு நிறுவனம் கோச் ஒருவரை, அதாவது தனியாக உட்கார்ந்து பேசி அவர் வேலை செய்யும் விதத்தை மேம்படுத்த உதவுகிறவரை, ஏற்பாடு செய்திருக்கிறது என்ற செய்தி கசிந்ததும் அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி, “அவருக்கு என்ன பிரச்சினையாம்?” என்பதுதான். மேலாளர்களுக்கான பயிற்சிகளை ஏற்பாடு செய்யும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தக் கேள்வி காதில் விழாத இடமே இல்லை. சில சமயம் அந்த மேலாளரே என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “என் மேல் ஏதாவது புகார் வந்திருக்கிறதா?” என்று கேட்பார்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கோச்சிங் நிறுவனங்களுக்குள் நுழைந்த ஆரம்ப காலத்தில், திறமை இருந்தும் யாரோடும் ஒத்துப்போகாத, எடுத்ததற்கெல்லாம் கத்துகிற அதிகாரிகளைச் சரிசெய்வதற்கே பெரும்பாலும் வெளியாளைக் கூப்பிட்டார்கள். இப்போது நிலைமை வேறு. 2009-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ என்ற நிர்வாக இதழ் 140 கோச்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், வளரக்கூடியவர்களை வளர்க்கவும் புதிய பொறுப்புக்கு மாறுகிறவர்களுக்குத் துணை நிற்கவும்தான் தங்களை அமர்த்துகிறார்கள் என்றவர்கள் 48 சதவீதம். தடம் புரண்ட நடத்தையைச் சரிசெய்ய என்றவர்கள் 12 சதவீதம்தான்.

என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. கோச்சிங் அதிகம் பலன் தருவது நன்றாகப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு, அதுவும் அவர்கள் ஒரு படி ஏறுகிற சமயத்தில். பிரச்சினை முற்றிய பிறகு கூப்பிடும் கோச்சைவிட, பதவி உயர்வு வந்த மாதமே கூப்பிடும் கோச்சுக்கு வேலை எளிது, செலவு குறைவு, விளைவு அதிகம்.

ஏன் அப்படி? டீம் லீடாக இருக்கும்போது, “நேற்று நீங்கள் அவரிடம் பேசிய விதம் சரியில்லை” என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிவிடுவார். அதே ஆள் துறைத் தலைவரானதும் சொல்ல வந்தவருக்கு அப்ரைசல் ஞாபகம் வந்துவிடும். சகாக்கள் போட்டியாளர்கள் ஆகிவிடுகிறார்கள். மேலதிகாரி மாதக் கடைசியில் எண்களைப் பார்க்கிறார். மீட்டிங் அறைக்குள் நடப்பது அவர் கண்ணில் படுவதில்லை. ஆக, ஒருவருடைய நடத்தை அதிகம் பேரைப் பாதிக்கும் இடத்துக்கு வரும்போதுதான் அவருடைய நடத்தையைப் பற்றி அவருக்கு வரும் தகவல் மிகவும் குறைகிறது. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கப் பகைவர் வேண்டியதில்லை என்பது நம்மிடம் பழைய பேச்சு. இன்றைய நிறுவனங்களில் இடித்துச் சொல்கிறவரின் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

2001-இல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த எரிக் ஷ்மிட்டிடம், உங்களுக்கு ஒரு கோச் தேவை என்று சொன்னவர் அந்த நிறுவனத்தின் முதலீட்டாளர்களில் ஒருவரான ஜான் டோயர். ஷ்மிட்டுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு அனுபவம் உள்ள எனக்கு எதற்கு, நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா என்றுதான் அவருக்கும் தோன்றியது. பின்னாளில், தனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே சிறந்தது அதுதான் என்று அவரே சொன்னார். அவருக்குக் கோச்சாக வந்த பில் கேம்பெல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அப்புறம் இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனத்தை நடத்தியவர்.

இதே விஷயத்தில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் இன்னொருவர் அறுவை சிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே. வருடக்கணக்கில் தொழில் செய்த பிறகு தன் முன்னேற்றம் ஓரிடத்தில் நின்றுவிட்டது போல அவருக்குத் தோன்றியது. தனக்குக் கற்றுக்கொடுத்த, ஓய்வு பெற்ற மூத்த மருத்துவர் ஒருவரை அறுவை அரங்குக்குள் வந்து நின்று பார்க்கச் சொன்னார். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் அந்த மூத்தவரின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிறைய எழுத்து. கவாண்டேயின் முழங்கை அவ்வப்போது தோள் உயரத்துக்கு எழும்புகிறது. அந்த நிலையில் கை துல்லியமாக வேலை செய்யாது. மேலே இருந்த விளக்கு, அறுத்த இடத்தை விட்டு விலகிப் போயிருந்தது; ஏறக்குறைய அரைமணி நேரம், பட்டுத் திரும்பும் வெளிச்சத்திலேயே அவர் வேலை செய்திருக்கிறார். இதை 2011-இல் கவாண்டேயே ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, விளக்கு விலகியது அவருடைய அறிவுக்கோ திறமைக்கோ குறை அல்ல என்பது. வேலையில் மூழ்கியிருக்கும் ஆளுக்கு அது தெரியாது. வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல், பார்ப்பதற்கென்றே ஒருவர் நின்றால்தான் தெரியும்.

கோச் என்பவர் யார் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. வழிகாட்டி தன் அனுபவத்தைச் சொல்வார். ஆலோசகர் தீர்வு எழுதித் தருவார். வகுப்பெடுக்கும் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்துவார். கோச் இந்த மூன்றையும் கூடுமானவரை தவிர்த்து, கேள்வி கேட்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார், அடுத்த சந்திப்புக்குள் செய்து பார்க்க ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்ள வைக்கிறார். இந்த முறை விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது. 1970-களில் டிமோதி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், ஆட்டக்காரருக்கு அறிவுரைகளைக் குவிப்பதைவிட, பந்தை எங்கே கவனிக்கிறீர்கள் என்று கேட்பது நன்றாக வேலை செய்வதைக் கண்டார். ஆளுக்குள்ளேயே இருக்கும் குறுக்கீட்டைக் குறைத்தால் திறமை தானே வெளியே வரும் என்பது அவர் கருத்து. கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். ‘க்ரோ’ (GROW) என்று இன்று எல்லோரும் சொல்லும் வரிசை அவர் வழியாகத்தான் பரவியது: என்ன வேண்டும், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள்.

படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். நேரில் எப்படி நடக்கிறது என்று காட்டினால்தான் புரியும். வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற ஒரு மேலாளர், தன் கோச்சோடு நடந்த ஓர் உரையாடலை எனக்கு விவரித்தார். எழுதிக்கொள்ள அனுமதியும் தந்தார். அவருடைய மேலதிகாரி வைத்த இலக்கு, “வேலையைப் பகிர்ந்து கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்பது. அதற்கான பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்கெனவே போய் வந்தவர் அவர். பகிர்ந்து கொடுப்பதைப் பற்றித் தெளிவாகப் பேசவும் அவருக்குத் தெரியும்.

கோச் வகுப்பு எடுக்கவில்லை. “போன வாரம் உங்கள் டீமில் ஒருவர் கேள்வியோடு வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நடந்தது நடந்தபடி” என்றார்.

“வாடிக்கையாளர் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், என்ன செய்யலாம் மேடம் என்று வந்தார். கொடுத்துவிடுங்கள் என்றேன்.”

“அவர் கேட்டதற்கும் நீங்கள் சொன்னதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது?”

மேலாளர் யோசித்தார். “நேரமே இல்லை. உண்மையில் அவர் பேசி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.”

“அவரிடம் ஒரு பதில் இருந்திருக்குமா?”

“தெரியாது.” கொஞ்சம் கழித்து, “தெரிந்துகொள்ள நான் இடமே கொடுக்கவில்லை” என்றார்.

பலர் இங்கேயே நிறுத்தி, அப்படியானால் இனிமேல் இடம் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அந்த கோச் இன்னொரு கேள்வி கேட்டார்: “உடனே பதில் சொன்னபோது உங்களுக்கு எப்படி இருந்தது?”

“நன்றாக இருந்தது. நான் இங்கே தேவைப்படுகிறேன் என்று இருந்தது.”

வகுப்புகளால் தொட முடியாத இடம் இதுதான். வேலையைப் பகிர்வது எப்படி என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பகிர்ந்துவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்ற பயம் இருந்தது. அதைத் தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்ட பிறகுதான் அந்தப் பழக்கத்தின் மேல் அவரால் கை வைக்க முடிந்தது.

அன்று முடிவான விஷயம் மிகச் சிறியது. பணம் திருப்பித் தரும் கோரிக்கைகளில், ஒரு குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்டவற்றில் மட்டும், “உங்கள் யோசனை என்ன?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் காத்திருப்பது. ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று டீமிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. சொல்லியும் முதல் வாரத்தில் ஒருவர் கலவரமாக, “மேடம், நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?” என்று கேட்டாராம். உடனே பதில் வந்து பழகியவருக்கு மேலாளரின் மௌனம் கோபமாகத் தெரிந்திருக்கிறது. இன்னொரு சிரமம், ஆட்கள் சொன்ன யோசனை தன்னுடையதிலிருந்து வேறாக, ஆனால் தவறில்லாமல் இருந்தபோது வாயை மூடிக்கொண்டிருப்பது. அதற்குத்தான் தனக்கு அதிக நாள் பிடித்தது என்றார். சில மாதங்களில் அவர் மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசை குறைந்தது. விடுப்பில் போனபோது அலைபேசி ஓயாமல் அடிக்கவில்லை. அடுத்த டீம் லீட் யார் என்ற பேச்சு வந்தபோது, முடிவெடுத்துப் பழகிய ஆட்கள் கையில் இருந்தார்கள்.

நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த மாதிரி விஷயங்களில்தான் இருக்கிறது. மேலாளரின் ஒரு பழக்கம் அவரோடு நிற்பதில்லை. அவருக்குக் கீழே இருக்கும் அத்தனை பேருடைய நாளையும் அது தொடுகிறது. டீம்களின் ஈடுபாட்டில் காணப்படும் வேறுபாட்டில் குறைந்தது 70 சதவீதம் மேலாளரைப் பொறுத்தது என்று காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2015-இல் மதிப்பிட்டது. கூகுளில் 2008-இல் தொடங்கிய உள் ஆய்வு ஒன்று, சிறந்த மேலாளர்களிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கங்களைத் தேடியது. பட்டியலில் முதலில் வந்தது, நல்ல கோச்சாக இருப்பது. தொழில்நுட்ப அறிவு கடைசிப் பக்கம் போய்விட்டது. தானே கோச் ஒருவரிடம் உட்கார்ந்து பேசியிராத மேலாளரிடம், உன் டீமுக்குக் கோச்சாக இரு என்று சொன்னால் அவருக்கு அதன் ருசியே தெரியாது. கோச்சிங் பெற்ற மேலாளர்கள், யாரும் சொல்லாமலே, தங்கள் ஆட்களிடம் கேள்வி கேட்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுகளைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 1997-இல் ஒரு மாநகர அரசு அமைப்பில் 31 மேலாளர்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சி வகுப்பு மட்டும் உற்பத்தித்திறனை 22.4 சதவீதம் கூட்டியது. அதைத் தொடர்ந்து கோச்சிங்கும் சேர்ந்தபோது 88 சதவீதம் ஆனது. விளம்பரங்களில் இந்த 88 அடிக்கடி கண்ணில் படும். ஆனால் அது சிறிய ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்கக் கோச்சிங் பெறாத தனிக் குழு அதில் இல்லை. என் மேசையில் அந்த எண்ணை வைத்து யாரிடமும் நான் பட்ஜெட் கேட்பதில்லை. 2009-இல் ஆந்தனி கிராண்ட் குழுவினர் செய்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. 41 சுகாதாரத் துறை அதிகாரிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதலில் கோச்சிங் கொடுத்தார்கள். பத்து வாரங்களில் நான்கே சந்திப்புகள். இலக்கை எட்டுவது கூடியது, தாங்கும் சக்தி கூடியது, மன அழுத்தம் குறைந்தது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2014-இலும் 2016-இலும் வெளிவந்த தொகுப்பாய்வுகளும் செயல்திறன், மனநலம், இலக்கை நோக்கித் தன்னைச் செலுத்திக்கொள்வது ஆகியவற்றில் கோச்சிங்குக்கு நல்ல விளைவு இருப்பதைக் காட்டின. போட்ட பணம் இத்தனை மடங்காகத் திரும்பும் என்று சொல்கிற கணக்குகளை மட்டும் ஒதுக்கி வையுங்கள். அவை பெரும்பாலும் பங்கேற்றவர்களே குத்துமதிப்பாகச் சொன்ன எண்களிலிருந்து பெருக்கி எடுத்தவை.

சரி, இத்தனை நல்லது என்றால் ஏன் பல இடங்களில் வீணாகிறது? நான் கண்டவரை முதல் காரணம் ரகசியம் காக்கப்படாததுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

கோச்சிங்கில் மூன்று தரப்பு உண்டு: பணம் கொடுக்கும் நிறுவனம், பேசும் மேலாளர், கோச். தொடங்கும் முன்பே மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, இலக்கு என்ன, எது நிறுவனத்துக்குத் தெரியும், எது தெரியாது என்று பேசி எழுதிக்கொள்ள வேண்டும். இலக்கும், சந்திப்புகள் நடந்தனவா என்பதும் நிறுவனத்துக்குத் தெரியலாம். அறைக்குள் பேசியது கோச்சுக்கும் அந்த ஆளுக்கும் மட்டும். ஒரு நிறுவனத்தில், திட்டம் பாதி நடந்தபோது மேல்மட்ட அதிகாரி ஒருவர், “இவர் அடுத்த பதவிக்குத் தகுதியா என்று கோச்சிடம் கேட்டு ஒரு பக்க அறிக்கை வாங்கிக் கொடுங்கள்” என்றார். கோச் மறுத்துவிட்டார், அது அவர் தொழிலின் மரியாதை. ஆனால் கேட்ட செய்தி எப்படியோ பரவிவிட்டது. அதன்பிறகு அங்கே கோச்சிங்குக்குப் போன ஒவ்வொருவரும் தேர்வெழுதப் போகிறவர்களைப் போலத் தயாரித்த பதில்களோடு போனார்கள். பயம் என்ற சொல் அந்த அறைகளில் மறுபடி உச்சரிக்கப்பட்டிருக்காது. முன்னே சொன்ன மேலாளர் “நான் தேவைப்படுகிறேன் என்று இருந்தது” என்று சொல்ல முடிந்ததே, அது எந்தக் கோப்புக்கும் போகாது என்ற உறுதியால்தான். அந்த உறுதியை ஒரு மின்னஞ்சலில் உடைத்துவிடலாம். திரும்பக் கட்ட வருடங்கள் ஆகும்.

இரண்டாவது காரணம், கோச்சிங்கை வெளியேற்றத்துக்கு முந்தைய சடங்காக ஆக்குவது. ஒருவரை அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்த பிறகு, “எல்லா வாய்ப்பும் கொடுத்தோம்” என்று எழுதிவைக்க ஒரு கோச்சை அமர்த்துவது அந்த மனிதருக்கும் அநியாயம், கோச்சுக்கும் அநியாயம். அவ்வளவுதான்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. எல்லாச் சிக்கலும் கோச்சிங்குக்கு உரியது அல்ல. மனநல மருத்துவத் துறையிலிருந்து கோச்சிங்குக்கு வந்த ஸ்டீவன் பெர்க்லாஸ் 2002-இலேயே இதை எச்சரித்தார்: ஆழமான உளவியல் சிக்கல் இருப்பவரை, அதை அடையாளம் காணத் தெரியாத கோச்சிடம் அனுப்பினால் நிலைமை மோசமாகும். முதலில் சொன்ன 2009 கணக்கெடுப்பிலும் இதன் சாயல் இருக்கிறது. சொந்த வாழ்க்கைப் பிரச்சினைகளுக்காகத் தங்களை அமர்த்தினார்கள் என்றவர்கள் 3 சதவீதம்தான். ஆனால் அத்தகைய பிரச்சினைகளில் உதவியிருக்கிறோம் என்றவர்கள் 76 சதவீதம். பேச்சு அந்தப் பக்கம் போவது இயல்பு. தன் எல்லையை அறிந்து, “இதற்கு ஒரு உளவியல் நிபுணரைப் பாருங்கள்” என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல கோச். அதேபோல, நான்கு பேர் வேலையை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, அவருக்கு நேர நிர்வாகத்தில் கோச்சிங் கொடுப்பதும் வேண்டாம். அங்கே மாற வேண்டியது ஆள் கணக்கு.

360 டிகிரி ஃபீட்பேக்கையும் சொல்லிவிடுகிறேன். மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கையாகக் கொடுப்பது பல திட்டங்களில் முதல் படி. எனக்கு அது பிடிக்கும், ஆனால் எச்சரிக்கையோடு. 1996-இல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் ஃபீட்பேக் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் ஃபீட்பேக் கொடுத்த பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. மேலே சொன்ன 2016 தொகுப்பாய்விலும், பலரிடம் கருத்துக் கேட்கும் அறிக்கை சேர்ந்த இடங்களில் கோச்சிங்கின் பலன் குறைவாகவே இருந்தது. அறிக்கையைப் படித்ததும் இதை எழுதியது யாராக இருக்கும் என்று தேடுவதிலேயே மனம் போய்விடுகிறது. அதனால் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு ஓடிவிடாதீர்கள். கோச் பக்கத்தில் இருக்கும்போது திறக்கட்டும். அதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது? யார் வேண்டுமானாலும் தன்னை கோச் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதால் இதில் கவனம் வேண்டும். 1995-இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது; முதல் நிலைக்கு 100 மணிநேரம், அடுத்ததற்கு 500, மேல்நிலைக்கு 2,500 மணிநேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். அது ஒரு வடிகட்டி. அப்புறம் இரண்டு மூன்று கோச்களோடு தலா அரைமணி நேரம் பேசவிட்டு, தேர்வை அந்த மேலாளரிடமே விடுங்கள். யாரிடம் மனம் திறக்க முடியும் என்று அவருக்குத்தான் தெரியும். தன் சாதனைகளைப் பற்றியே அந்த அரைமணியில் அதிகம் பேசும் கோச்சை நானாக இருந்தால் விட்டுவிடுவேன். வெளியாள்தான் வேண்டும் என்பதில்லை. 2016 தொகுப்பாய்வில் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் கோச்களின் விளைவு இன்னும் நன்றாக இருந்தது. சந்திப்புகளின் எண்ணிக்கை கூடியதால் பலன் கூடியதாகவும் தெரியவில்லை. பெரிய பட்ஜெட் இல்லாத நிறுவனங்களுக்கு இது நல்ல செய்தி. முறையாகப் பயின்ற ஒருவர், வேறு துறையைச் சேர்ந்தவர், அந்த மேலாளரின் பதவி உயர்வில் கையெழுத்துப் போடாதவர் என்றால் போதும்.

கடைசியாக, பலன் வந்ததா என்று யாரிடம் கேட்பது? மேலாளரிடமே கேட்டால், நன்றாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன் என்பார். மார்ஷல் கோல்ட்ஸ்மித் என்ற அமெரிக்கக் கோச், தன்னிடம் வந்தவர் மாறியிருக்கிறார் என்று அவரைச் சுற்றி வேலை செய்பவர்கள் சொன்னால்தான் கட்டணம் வாங்குவேன் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டவர். கட்டணத்தை அப்படிக் கட்டிப்போடுவது எல்லோருக்கும் முடியாது, ஆனால் கேட்கும் இடம் சரியானது. நான் செய்வது இதுதான். இலக்கு முடிவானதும், மேலாளரின் சம்மதத்தோடு, அவருக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் அந்தப் பழக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி: “கடந்த ஒரு மாதத்தில் உங்கள் யோசனையை அவர் எத்தனை முறை கேட்டார்?” ஆறு மாதம் கழித்து அதே கேள்வி. கோச் போய் ஒரு வருடம் ஆன பிறகு, எல்லோரும் அதை மறந்திருக்கும்போது, இன்னொரு முறை.